கோது பார்க்கிறவள்

பிற்பகல் மூன்று மணிக்குத் துசானி மேசைவிரிப்பைச் சுருட்டிக் கதிரையின் முதுகில் போடுவாள். மேசையில் பழைய பத்திரிகைத் தாளை விரித்து, யன்னல் கதவை ஒரு சாண் திறந்து, வெளிச்சம் தாளின் நடுவில் விழுகிறதா என்று பார்ப்பாள். பிறகு துணிப்பையை அவிழ்த்து உள்ளே இருக்கும் வெறும் தோட்டாக் கோதுகளைக் கொட்டுவாள். கொட்டுகிற சத்தமே கேட்காது. பையின் வாயைத் தாளோடு அணைத்துப் பிடித்துக்கொண்டு, சுளகிலிருந்து அரிசி சரிப்பதுபோல மெல்லச் சரித்துவிடுவாள். ஒன்றோடு ஒன்று மோதினால் விளிம்பு நெளிந்துவிடும் என்பாள்.

கோதுகள் பித்தளையில் ஆனவை. சின்னிவிரல் நீளம். மேலே போத்தல் கழுத்துப்போல ஒடுங்கியிருக்கும். சுட்ட புகை கழுத்தில் கறுப்பாகப் படிந்திருக்கும். ஒவ்வொன்றாக எடுத்து, வெளிச்சத்தில் ஒரு முழுச் சுற்றுச் சுற்றி, வலது பெருவிரல் நகத்தால் வாயிலிருந்து அடிவரைக்கும் வருடுவாள். அதற்காகவே அந்த ஒரு நகத்தை மட்டும் வெட்டாமல் தட்டையாக அராவி வைத்திருக்கிறாள். நல்லதாக இருந்தால், "நீ இஞ்சை இரு" என்று வலப்பக்கம் வைப்பாள். கழுத்தில் மயிரிழை வெடிப்புக் கண்டால், "நீங்கள் அங்காலை போங்கோ" என்று இடப்பக்கம் வைப்பாள். பழுதானதுக்கு ஏன் மரியாதை என்று ஒருநாள் கேட்டேன்.

"இருக்கிறதோடை நாளைக்கும் கதைக்கலாம், அண்ணை. போறதைத்தானே வடிவா அனுப்போணும்" என்றாள்.

துசானி என்னுடைய ஒரே தங்கச்சி. முப்பத்தெட்டு வயது. இத்தாலியில், பலெர்மோ நகரின் ஒரேத்தோப் பகுதியில் ஓர் அறை எடுத்துத் தனியே இருக்கிறாள். தினமும் காலையில் இரண்டு பஸ் மாறி சீசாவுக்குப் போய், நாலாம் மாடியில் இருக்கும் ஒரு வயோதிபரின் வீட்டில் சமைத்து, கூட்டித் துடைத்து, அவருடைய மருந்துகளை எடுத்துவைத்துவிட்டு மாலையில் திரும்புவாள். நான் ஸ்ஃபெர்ராகவால்லோவில் ஒரு மீன் உணவகத்தின் குசினியில் நிற்கிறேன். எனக்குப் புதன்கிழமை ஓய்வு. அவளைப் பார்ப்பது அன்றைக்குத்தான். அவளுடைய அறையில் இரண்டு கோப்பைகள் உண்டு. இரண்டாவது கோப்பையை நான் போகும் நாளில் தூசி தட்டிக் கழுவுவாள்.

அந்த வயோதிபருடைய பெயர் ஜெயமித்திரர் என்றுதான் இரண்டு வருடம் நான் நினைத்துக்கொண்டிருந்தேன். தங்கச்சி தொலைபேசியில் அப்படித்தான் சொல்வாள். எங்கள் ஆள் ஒருவர் சீசாவில் சொந்த வீட்டோடு இருக்கிறார் என்று நான் பெருமையாக நாலு பேருக்குச் சொல்லியும் விட்டேன். அவர் எந்த ஊர், யாருடைய பகுதி என்று சனம் விசாரிக்கத் தொடங்கிய பிறகுதான் விசயம் தெரிந்தது. அவர் காணி அளக்கிற உத்தியோகத்திலிருந்து இளைப்பாறியவர். காணி அளப்பவரை இந்த ஊரில் ஜெயோமெத்ரா என்று மரியாதையாகக் கூப்பிடுவார்கள். உண்மைப் பெயர் கலோஜெரோ. அது தெரிந்த பிறகும் நாங்கள் மாற்றவில்லை. அவரும் "ஜெயமித்திரா" என்றால் திரும்பிப் பார்க்கிறார்.

ஜெயமித்திரருக்கு எழுபத்தொன்பது வயது. பழைய இராணுவத் துவக்கு ஒன்று அவரிடம் அனுமதிப் பத்திரத்தோடு இருக்கிறது. சனிக்கிழமை காலையில் சுடும் பயிற்சித் திடலுக்குப் போய்க் கடதாசி வட்டத்தில் சுட்டுவிட்டு வருவார். அந்தத் துவக்குக்குத் தோதான தோட்டா கடையில் இலேசில் கிடைக்காது. அதனால் சுட்டு முடிந்த கோதுகளை ஒன்றுவிடாமல் பொறுக்கி வந்து, சுத்தம் செய்து, வீட்டிலேயே திரும்ப நிரப்புவார். மருந்துத் தூள் உள்ளறையில் இரும்பு அலுமாரிக்குள் இருக்கிறது. திறப்பு அவருடைய கழுத்தில். நிரப்புகிற வேலை அவருடையது மட்டும். தங்கச்சியின் வேலை வெறும் கோதோடு முடிந்துவிடும்.

அந்த வேலைக்கு அவள் வந்த விதத்தையும் சொல்ல வேண்டும். ஜெயமித்திரருடைய மனைவி இறந்த பிறகு ஒரு வருடம் அந்த வீட்டில் பேச்சே இருக்கவில்லை. அவர் தன் அறையில் சாப்பிடுவார். இவள் குசினியில் நின்றபடி சாப்பிடுவாள். காலையில் ஒரு வணக்கம், மாலையில் ஒரு வணக்கம். ஒருநாள் அவர் மேசையிலிருந்து கோது ஒன்று உருண்டு விழ, இவள் குனிந்து எடுத்துக் கொடுக்கும்போது, இதிலே வெடிப்பு இருக்கிறது என்று விரலால் காட்டியிருக்கிறாள். அவர் கண்ணாடியைப் போட்டுப் பார்த்தார், தெரியவில்லை. உருப்பெருக்கியை வைத்துப் பார்த்தார், தெரிந்தது. எதிர்க் கதிரையை இழுத்து, இரு என்று கையைக் காட்டினார். அன்றைக்கு இருந்தவள்தான்.

அதன் பிறகு தினமும் மூன்றிலிருந்து நாலரை வரைக்கும் அந்த மேசை. அவருக்குக் கோப்பி, இவளுக்கு இஞ்சி போட்ட பிளேன் டீ. அவர் தான் அளந்த மலைகளைப் பற்றிச் சொல்வார். இவள் கோதைத் தேய்த்தபடி கேட்பாள், இடையில் ஏதாவது சொல்வாள். கோதுக்கு மனுசரைப் போலவே கழுத்து, தோள், உடம்பு என்று பகுதிகள் உண்டு. அந்த இத்தாலியச் சொற்களை அவள் கோதில்தான் படித்தாள். ஒருமுறை தோள் நோவுக்கு டொக்டரிடம் போனபோது சொல் தயாராக வாயில் வந்தது. எங்கே படித்தாய் என்று டொக்டர் மெச்சினாராம். இவள் உண்மையைச் சொல்லாமல் சிரித்துவிட்டு வந்திருக்கிறாள்.

கோதின் அடியில், நடுவிலே, ஒரு சிறு வட்டம் இருக்கும். துவக்கின் ஊசி குத்துகிற இடம் அது. துசானி அதைப் பொட்டு என்பாள். சுட்ட பொட்டைச் சின்னக் கை இயந்திரத்தில் வைத்து அமுக்கினால் வெளியே விழும். அந்த வேலையைப் 'பொட்டு எடுக்கிறது' என்று சொல்வாள். 'அழிக்கிறது' என்ற சொல்லை ஒருநாளும் சொல்லமாட்டாள். அவள் கலியாணம் கட்டிப் பதினொரு மாதம்தான் சேர்ந்து வாழ்ந்தவள். 2009க்குப் பிறகு புருசனைப் பற்றிச் செய்தி இல்லை. இவள் நெற்றியில் பொட்டு இருக்கிறது. அதைப் பற்றி அவளிடம் ஒருவரும் கதைப்பதில்லை, நானும்தான்.

அவளுடைய கைத்திறமையில் எனக்கு ஒரு பெருமை உண்டு. கடதாசிகளைச் சேர்த்துப் பிடிக்கும் கம்பிக் கொளுவியை நிமிர்த்தி, நுனியை மட்டும் ஒரு நெல்லளவு வளைத்து வைத்திருக்கிறாள். அதைக் கோதுக்குள்ளே விட்டு, உட்சுவரைத் தடவியபடி மேலே இழுப்பாள். பலமுறை சுட்ட கோது அடிக்குக் கிட்டே உள்ளுக்குள் மெலிந்து ஒரு வளையம் விழுந்திருக்கும். வெளியே பார்த்தால் தெரியாது. கம்பி அந்த வளையத்தில் தட்டும். தட்டுவதை நான் நாலு தடவை முயன்றும் உணரவில்லை. அவள் கண்ணை மூடிக்கொண்டு உணர்கிறாள். அப்படி மெலிந்த கோதைத் தவறி நிரப்பினால், அடுத்த தடவை சுடும்போது பிளந்து, நெருப்புக் காற்று சுடுகிறவருடைய முகத்துக்கே திரும்பி வரும். அதனால் அவள் கம்பி வைக்காத கோது எதையும் ஜெயமித்திரர் நிரப்புவதில்லை.

எங்கள் சனத்துக்கு இந்த வேலை பிடிக்கவில்லை. பஸ்ஸில் கண்டால், "என்ன துவக்குக்காரி, இண்டைக்கு எத்தனை பேர்?" என்று பகிடி விடுவார்கள். அதற்கெல்லாம் அவள் திருப்பிக் கொடுப்பாள். "உங்கடை பேர் கடைசியிலைதான் இருக்கு, பயப்பிடாதேங்கோ" என்பாள். இவ்வளவு நடந்த பிறகும் உன்னால் எப்படி அதைத் தொட முடிகிறது என்று ஒருவர் உண்மையாகவே கேட்டார். அதற்கு அவள் சொன்ன பதிலை அப்படியே எழுதுகிறேன்: "அங்கை நாங்கள் கேட்டது சுடுற சத்தம். இஞ்சை நான் பார்க்கிறது சுட்டு முடிஞ்சதை."

ஆனால் கோயிலில் நடந்ததுக்கு அவள் பதில் சொல்லவில்லை. வாடகை மண்டபம் ஒன்றில் எங்களுக்கு ஒரு கோயில் இருக்கிறது. வெள்ளிக்கிழமைகளில் விளக்குத் துலக்குவது துசானியின் பொறுப்பு. புளியும் உப்பும் போட்டு ஊறவைத்து, திருநீற்றால் தேய்த்து, அவள் துலக்கிய குத்துவிளக்கில் முகம் பார்க்கலாம். ஒரு வெள்ளி, மூத்தவரான யோகாம்பாள் அன்ரி பக்கத்தில் வந்து, "கோது துடைக்கிற கையாலை விளக்குத் துடைக்க வேண்டாம், பிள்ளை. குறை நினையாதை" என்று மெதுவாகத்தான் சொன்னார். தங்கச்சி பாதி துலக்கிய விளக்கைத் தாம்பாளத்தில் வைத்துவிட்டுக் கையைக் கழுவிக்கொண்டு வந்தவள். அதன் பிறகு போகவில்லை. வெள்ளிக்கிழமையும் அவளுக்கு மற்ற நாள் மாதிரி ஆகிவிட்டது. பேச்சென்று மிஞ்சியது மூன்று மணி மேசை மட்டும்.

விளக்கு வேலை போன பிறகு அந்தப் புளி கோதுக்கு வந்தது. இருபது கோதைப் புளித்தண்ணீரில் பத்து நிமிடம் போட்டு எடுத்தால் கறை கழன்று பித்தளை பளிச்சென்று வரும். ஜெயமித்திரர் கையில் வைத்து உருட்டி உருட்டிப் பார்த்தார். என்ன மாயம் செய்தாய் என்று கேட்டார். இவள் என்னிடம் தொலைபேசியில் சொல்லைக் கேட்டு, தமரிந்தோ என்று சொன்னாள். அவர் சிரித்த சிரிப்பில் கோப்பி சிந்திவிட்டது. பலெர்மோவில் அதைச் சீனிப்பாகு காய்ச்சித் தண்ணீரில் கலந்து குடிப்பார்களாம். சிறு வயதில் அவருக்கு அது கோடைக்காலக் குடிபானம். என் தோட்டாக்களும் இனித் தாகத்துக்குக் குடிக்கட்டும் என்றாராம்.

2016ஆம் ஆண்டு ஒக்டோபர் மாதம் பழைய துவக்குகளுக்கான போட்டி ஒன்று வந்தது. ஜெயமித்திரர் பதினாறு வருடமாகப் போகிற போட்டி. அடுத்த வசந்தத்தில் அனுமதிப் பத்திரத்துக்குக் கண் பரிசோதனை. அதில் தேறமாட்டேன் என்று அவருக்கே தெரியும். ஆகவே இதுதான் கடைசி. பன்னிரண்டு வருடமாகச் சேர்த்த கோதுகள் முழுவதையும் ஒரே தரமாகத் துலக்கிக் கொடுக்க வேண்டும் என்று தங்கச்சி ஆசைப்பட்டாள். மொத்தம் நூற்றுப் பன்னிரண்டு என்று இதில் முதலில் எழுதியிருந்தேன். படித்துக் காட்டியபோது நூற்றுப் பதினான்கு என்று திருத்தினாள்.

செப்டெம்பர் கடைசியில், ஒரு வியாழக்கிழமை காலை, நூற்றுப் பதினான்கையும் வாளியில் புளித்தண்ணீரில் போட்டாள். போட்ட கையோடு பெர்மெஸ்ஸோ என்கிற வதிவிட அனுமதிக் கடதாசியை எடுத்துப் பார்த்தாள். கைரேகை கொடுக்கக் குவெஸ்தூரா பொலிஸ் அலுவலகத்துக்கு வரச்சொன்ன நாள் வெள்ளி என்று நினைத்திருந்தாள். கடதாசியில் வியாழன் என்று இருந்தது. அப்படியே ஓடினாள். அன்று பொழுது முழுக்க வரிசையில் நின்றாள். முடியாமல் மறுநாளும் வரச்சொன்னார்கள். சனிக்கிழமைதான் வாளியைத் திறந்தாள். கோதுகள் மஞ்சள் நிறமாக இல்லை. சிவந்து, செம்பு மாதிரி இருந்தன.

இந்த இடத்தில் எங்கள் வீட்டுப் பெண்கள் எவராக இருந்தாலும் இதைத்தான் செய்திருப்பார்கள். புளி கூடிச் சிவந்த விளக்கைத் திருநீற்றால் அழுத்தித் தேய்த்தால் மஞ்சள் திரும்பிவிடும். துசானி ஒரு பொட்டலம் திருநீறு முடியும்வரை ஒவ்வொன்றாகத் தேய்த்தாள். திரும்பிவிட்டது. ஜெயமித்திரர் தட்டுகளில் அடுக்கி வைத்துப் பார்த்து, புதுக் கோதுகூட இப்படி இராது என்றார். திங்கட்கிழமை முதல் நிரப்பத் தொடங்குவதாகவும் சொன்னார்.

ஞாயிறு அவளுக்கு விடுமுறை. அன்றைக்கு யாரும் கேட்காமலே அவள் அங்கே போனாள். தேய்த்த பிறகு கம்பி வைத்துப் பார்க்கவில்லை என்பது அவளுக்கு உறுத்தியிருக்கிறது. கம்பியை விட்டு இழுத்தாள். நுனியில் சிவப்புத் தூள் ஒட்டிக்கொண்டு வந்தது. இன்னொன்றில் விட்டாள், அதிலும் வந்தது. ஒரு கோதின் கழுத்தைப் பெருவிரலாலும் சுட்டுவிரலாலும் சற்றே அமத்தினாள். கச்சான் கடலைக் கோது மாதிரி உடைந்தது.

உடனே எனக்குத் தொலைபேசி அடித்தாள்.

"அண்ணை, பித்தளை செத்துப் போச்சு."

நான் விசயத்தை முழுக்கக் கேட்டுவிட்டு, எல்லாவற்றையும் குப்பையில் போட்டுவிட்டு, தொலைந்துவிட்டது என்று சொல் என்றேன். அது சரியில்லை என்று இப்போது தெரிகிறது. அப்போது அவளுக்கு ஏச்சு விழக்கூடாது என்பது மட்டும்தான் எனக்குப் பட்டது.

"துலைஞ்சதெண்டால் மனுசன் குப்பை வாளிவரைக்கும் தேடும். தட்டுப்படுற நாலைஞ்சைக் கொண்டுபோய்ச் சுடும்" என்றாள். "வேலை போகாது, அண்ணை. சமைக்கிறதுக்கும் கூட்டுறதுக்கும் நான் தேவை. மேசைதான் போகும்."

அவர் நிரப்பத் தொடங்காதபடி திங்களும் செவ்வாயும் அவள் ஒரு சாட்டுச் சொன்னாள். இன்னும் கம்பி வைத்து முடியவில்லை என்றாள். அது பொய்யில்லை என்று எனக்கு இரண்டு தரம் சொல்லிக் காட்டினாள். நூற்றுப் பதினான்குக்கும் உண்மையாகவே கம்பி வைத்திருக்கிறாள். ஒன்றாவது தப்பியிருக்குமா என்று பார்த்திருக்கிறாள். ஒன்றும் தப்பவில்லை. புதன்கிழமை எனக்கு ஓய்வு. வாங்கோ, எனக்கு அந்தச் சொல்லுகள் வராது என்று கூப்பிட்டாள்.

இத்தாலிய மொழியில் எனக்கும் அவ்வளவு புலமை கிடையாது. ஆனாலும் உணவகத்தில் கணக்குப் பார்க்கும் பெண்ணிடம் கேட்டு, புளியில் கூடுதல் நேரம் ஊறியதால் பித்தளை பலம் இழந்துவிட்டது, இவற்றைப் பாவித்தால் ஆபத்து, மன்னிக்கவும் என்று மூன்று வரி பிழையில்லாமல் எழுதிக்கொண்டு போனேன். காலைப் பஸ்ஸில் அவளுக்கு இரண்டு தரம் வாசித்துக் காட்டினேன். அவளும் சொல்லிப் பார்த்தாள்.

மூன்று மணிக்கு அவள் மேசைவிரிப்பை எடுத்தாள். தாளை விரித்தாள். கோதுத் தட்டுகள் ஐந்தையும் கொண்டுவந்து வைத்தாள். ஜெயமித்திரர் மெல்லிய மனிதர், சட்டையின் மேல் பொத்தான்வரை பூட்டியிருந்தார். எனக்கும் ஒரு கதிரை போடச் சொன்னார். நான் கதவடியில் நின்றுகொண்டேன். தங்கச்சி அவருக்கு எதிரே இருந்து, என் கடதாசியை மடியில் வைத்துக்கொண்டு, அதைப் பாராமலே சொன்னாள்.

"லொத்தோனே ஏ மோர்த்தோ."

பித்தளை செத்துவிட்டது. அந்த மூன்று சொல்தான். அவர் முதலில் என்னைப் பார்த்தார். எங்கள் வீட்டில் யாரோ இறந்துவிட்டதாக நினைத்திருக்க வேண்டும். தங்கச்சி ஒரு கோதை எடுத்து அவருக்கு முன்னால் பிடித்து, இரண்டு விரலால் கழுத்தை அமத்தினாள். அது உடைந்த சத்தம் சின்னச் சத்தம். உடைந்த துண்டை அவருடைய உள்ளங்கையில் வைத்தாள். அவர் உருப்பெருக்கியை எடுத்து, முறிந்த இடத்தின் சிவப்பைப் பார்த்தார். கண் தெளிவில்லாதவர், ஆனாலும் வெகு நேரம் பார்த்தார். புளியா என்று கேட்டார். புளிதான், இரண்டு நாள் என்று அவள் சொன்னாள். திருநீறு போட்டு மஞ்சளாக்கியதையும் சொன்னாள். அதை நான் எழுதிக் கொடுக்கவில்லை.

"துத்தி?" என்றார். எல்லாமுமா?

"ஓம், எல்லாம்" என்றாள். தமிழில்தான் சொன்னாள்.

அவர் கதிரையைப் பின்னுக்குத் தள்ளி எழுந்தார். உள்ளறைக்குப் போனார். கதவு சாத்தப்படும் என்று நான் காத்திருந்தேன். தங்கச்சியும் அதைத்தான் கேட்டுக்கொண்டிருந்தாள் என்பது அவளுடைய முதுகில் தெரிந்தது. அவள் தேநீரைத் தொடவில்லை. லாச்சி ஒன்று திறபடும் சத்தமும், இரும்புச் சாமான்களைக் கிளறும் சத்தமும் வந்தன. கீழே தெருவில் ஒருவன் மீன் விற்றுக்கொண்டு போனான். அவன் இந்தத் தெரு முடிந்து அடுத்த தெருவுக்குத் திரும்பும்வரை அவர் வரவில்லை.

வந்தபோது கையில் ஒரு குறடு இருந்தது. அதை அவள் முன்னால் வைத்தார். பழுதானது என்று ஆன பிறகு கோதைச் சப்பையாக்கிவிட வேண்டும், மறதியில்கூட எவரும் எடுத்து நிரப்பாதபடி, என்று விளக்கம் எனக்குச் சொன்னார். குரலில் கோபம் இல்லை, வேறொன்றும் இல்லை. ஒக்டோபர் போட்டியைப் பற்றி அவர் எதுவும் சொல்லவில்லை. தங்கச்சி குறட்டை எடுத்து முதல் கோதை வைத்து அழுத்தினாள். அது நெளியாமல் நாலாகப் பிளந்தது. துண்டுகளைத் தாளின் ஓரத்தில் ஒதுக்கினாள். இரண்டாவதுக்குக் கை போகவில்லை. குறட்டைப் பிடித்தபடி இருந்தாள்.

ஜெயமித்திரர் தன் கதிரையை மேசையோடு இழுத்துப் போட்டு இருந்தார். கண்ணாடியைப் போட்டார். தட்டைத் தன் பக்கம் நகர்த்தி, ஒரு கோதை எடுத்து, அதன் வாயைத் தன் பெருவிரலால் ஒருமுறை துடைத்து, அவளிடம் நீட்டினார்.